எண்ணிவிட்டுப் போட வேண்டிய கையெழுத்து

செஞ்சியில் பஸ் ஏறும்போதே நைனா பைகளை எண்ணிவிட்டார். திண்டிவனத்தில் பஸ் மாறியபோது இன்னொரு முறை. சென்னையில் இறங்கி மறுபடியும். இருந்ததே மூன்று பை: தண்ணீர், மாத்திரை, தயிர்சாதம். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஞாயிறு ஒன்றுதான் லீவு. அதையும் அவருக்குத் தாரை வார்த்த எரிச்சலில், "யாரு நைனா தூக்கிக்கினு போவப்போறாங்க?" என்று கத்தினேன். வீட்டிலும் இப்படித்தான். காஸை மூடினாயா, சாவியை எடுத்தாயா என்று மூன்று தடவை கேட்பார். எங்கள் யார் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

நாங்கள் பார்க்கப் போனது போர்க்காலத்து விமானப்படைப் பயிற்சியைப் பற்றிய மியூசியம். எழுபத்தோராம் வருஷப் போரின்போது நைனா ஒரு பயிற்சிப் பள்ளியில் பாராசூட் மடித்தவர். மியூசியத்தைப் பற்றிப் பேப்பரில் படித்த நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு.

விமானங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நீள மேசை முன்னால் போய் நின்றார். பாதி மடித்த பாராசூட், மடிப்பு நழுவாமலிருக்க அதன் மேல் வைத்து, மடித்து முடித்ததும் எடுத்துவிடும் ஈயக்குண்டு போட்ட சின்னப் பைகள், பக்கத்தில் மடித்தவர் கையெழுத்துப் போடும் அட்டை. நைனா விரல் நீட்டி எண்ணினார். இருக்க வேண்டிய ஆறு பைகளும் இருந்தன.

விளக்கம் சொல்ல நின்றவரும் அதே வேலை பார்த்து ரிட்டயரானவராம். நைனா அவரிடம் கேட்டார்: "சார், ஒரு பை உள்ளயே மாட்டிக்கினா பாராசூட்டு விரியுமா?"

"விரியலாம். விரியாமலும் போகலாம். அதனாலதான் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

வெளியே மர நிழலில் சாப்பாட்டைத் திறந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"போர் சமயத்துல ஒரு நாளு, எண்ணாமயே கையெழுத்து போட்டு ஒரு பாராசூட்ட அனுப்பிட்டேம்மா. அப்புறம் மேசயத் தொடச்சா அஞ்சு பைதான் இருக்குது. சொன்னா வேல போயிடும்னு பயம். ஸ்டோர்லேந்து ஒன்ன எடுத்து வச்சி ஆறாக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? யாரு கட்டிக்கினு போனாங்களோ, குதிச்சாங்களோ இல்லியோ. நான் யாரையும் கேக்கல."

அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உடனே சொல்லியிருந்தால் அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்களே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் தனக்கே சொல்லிக்கொள்ளாததா? தயிர்சாதத்தை மூடி வைத்தேன்.

செஞ்சியில் இறங்கியபோது கோட்டை மலை மேல் வெயில் தணிந்திருந்தது. என் கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. நைனா வழக்கம்போல் பைகளைத் தொட்டு எண்ணினார். மூன்று. நான் நடக்கத் தொடங்கினேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நீயும் ஒருவாட்டி எண்ணிடும்மா. என் எண்ணிக்கைய நம்பாத."

மூன்று பைகளையும் தரையில் வைத்து, அவர் பார்க்க ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.