வெயிலில் வைத்த காளான் பைகள்

எங்கள் வீட்டில் வெள்ளையாக எது பூத்தாலும் அது எதிரி. ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவு நூலில் பூசணம் பிடித்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. அதை முதலில் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது என்று வீட்டில் பெயர். மெல்லிய துணியால் ஒத்தித் துடைத்து, வெயில் காட்டச் சொல்லி ஊரைக் கூட்டுவேன். ஒன்பது வயதுக்கு அந்தப் பெருமை தாராளம்.

அந்த வருடம் சித்தி எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து, பின்னறையில் காளான் போட்டாள். வைக்கோலை வேகவைத்து வடித்து, சோளத்தில் வளர்த்த காளான் விதையை அடுக்கடுக்காகத் தூவி, ஓட்டை போட்ட ஐந்து பாலித்தீன் பைகளில் அடைத்துக் கயிற்றில் தொங்கவிட்டாள். சித்தப்பாவுக்கோ அந்த அறையில் இன்னொரு தறி போட ஆசை.

"இந்த ஒரு தபாதான். மொளைக்கலைன்னா தறி போட்டுடுவேன், சொல்லிட்டேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தவாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், அந்த அறையை எட்டிப் பார்த்தேன். வைக்கோல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. பாவம் சித்தி, எல்லாம் போச்சு! வெளியே சுள்ளென்று வெயில். எட்டிய நான்கு பைகளை இறக்கி, வாயைப் பிரித்து, பட்டைத் துடைப்பது போலவே துடைத்து, மாடியில் காயவைத்தேன். ஐந்தாவது எட்டவில்லை.

அந்த வெள்ளை நூல்தான் காளானின் உடம்பு, குடை வெறும் காய்ப்புதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இருட்டிலும் ஈரத்திலும் வைக்கோலைத் தின்று வளர்ந்து, வேளை வந்தால்தான் குடை விரியும். குடையின் அடி மடிப்புகளிலிருந்து உதிரும் தூள் காற்றில் பறந்து, ஈரம் கண்ட இடத்தில் மறுபடி நூலாகும். என் துணியும் வெயிலுமாகச் சேர்ந்து நான்கு பை உயிரை முடித்திருந்தோம்.

மாலையில் திரும்பிய சித்தப்பா மாடியிலிருந்து கத்தினார். "இன்னா இது? யாரு இங்க கொண்டாந்து வெச்சது?"

கையில் துணியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். சித்தி துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க. காலைல கொஞ்சம் வெயில் காட்டலாம்னு வெச்சேன். நீங்க ஜல்தி ஜல்தின்னு கத்திகினு இருந்தீங்களா, எறக்க மறந்துட்டேன்."

ஐந்தாவது பைதான் மானத்தைக் காப்பாற்றியது. அடுத்த வாரம் அதன் ஓட்டைகளில் குண்டூசித் தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றே நாளில் கொத்துக் கொத்தாகச் சிப்பிக்காளான். மிளகு போட்டு வதக்கியதைச் சித்தப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் தறிப் பேச்சே இல்லை. இன்று சித்திக்குத் தனிக் கொட்டகையே இருக்கிறது. ஆனாலும் சொந்தக்காரர்கள் கூடினால் போதும், "காளானைக் காயவெச்ச மகராசி" என்று சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். அவள் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். அந்தச் சிரிப்புக்கு நான் எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது.

அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறாளே, இந்த வயதிலேயே சித்திக்கு இவ்வளவு மறதியா என்று மனதாரக் கவலைப்பட்டேன்.