சிரில் மேஸின் கடைசிப் புதன்கிழமை

இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு லாரிகளை எடை போடும் வேலையை முப்பத்தெட்டு வருஷம் பார்த்தவர் சிரில் மேஸ். வயது எண்பத்தொன்று. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறந்து சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி பாலின், கிளப்பில் தன்னோடு பந்து உருட்டி விளையாடிய ஒருவனுடன் ஸ்பெயினுக்குக் கிளம்பியபோது, பெட்டியை டாக்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவரும் இவர்தான். "படியைப் பாத்து எறங்கு" என்றார். அதோடு சரி. இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் பாலின் நின்றிருப்பாளோ என்னவோ, அந்த நாலு வார்த்தையைத்தான் மனிதர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் ஹெதர் வந்தாள். தெருவில் எதிர்த்தாற்போல் நின்ற காரைக் காட்டினாள்.

"அப்பா, அந்த வண்டி நம்பரைப் படிங்க பாப்போம்."

"எந்த வண்டி?" என்றார் சிரில்.

ஹெதர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு லீவு கெடையாது. வியாழக்கிழமை காலையில வந்து உங்க காரை எடுத்துக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் தொடக் கூடாது."

"தொடமாட்டேம்மா" என்றவர், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷமாகப் புதன்கிழமை என்றால் கடற்கரைச் சாலைதான். ஊர் ஊராக நிறுத்தி, தின்று, வேடிக்கை பார்த்து, இரண்டு மணிக்குப் பாறை மேட்டுக் கார் நிறுத்தத்தில் போய் முடியும். அங்கே ஒரு நீல நிறக் கார். அதில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். பெயர் தெரியாது. அவருக்கு வலப்பக்கம் சிரில் நிறுத்துவார். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று முப்பது மைல் வந்துவிட்டு, கண்ணாடியை இறுக்க ஏற்றிக்கொண்டு பிளாஸ்க் டீ குடிக்கிற கூட்டம் அது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் சிரிலின் கார் உள்ளே நுழையும்போதே அந்த அம்மாளின் முகம் திரும்பிவிடும். முதல் வருஷம் ஒரு தலையசைப்பு. மூன்றாம் வருஷம் உதடு இறுகிய ஒரு சிரிப்பு. ஒருத்தி தனக்காகக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பிலேயே மனிதருக்கு வாரம் ஓடியது. இன்று வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

வெல்ஸ் துறைமுகத்தில் பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்றார். கடல் உள்வாங்கி, படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதைக் கால் மணி நேரம் பார்த்தார். கிளே ஊர்க் காற்றாலை போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று சரிபார்த்தார். ஷெரிங்ஹாமில் ஐஸ்கிரீம். டாக்டர் வேண்டாம் என்ற பட்டியலை வரிசை பிசகாமல் தின்று முடித்து, குரோமருக்கு வந்து நண்டுக் கடையில் நின்றார்.

"என்ன ராசா, எப்பவும் ஒண்ணுதானே? இன்னிக்கு ரெண்டு கேக்குறே?" என்றாள் கடைக்காரி. "விருந்தாளியா?"

"இருக்கலாம்."

"அடி சக்கை! வினிகரைத் தூக்கலா ஊத்துறேன், போ."

இரண்டு மணிக்கு நீலக் காரின் பக்கத்தில் நிறுத்தினார். வழக்கத்தைவிட நெருக்கமாகவே நிறுத்தினார். பொட்டலத்தோடு இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அந்த அம்மாளின் இடப்பக்க ஜன்னலைத் தட்டினார். கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கியது.

"நான் சிரில். பக்கத்து வண்டி."

"தெரியுமே. நல்லாவே தெரியும். நான் டாஃப்னி."

"அடுத்த வாரத்துலேருந்து வரமாட்டேன். கண்ணு சரியில்லைன்னு பொண்ணு காரை எடுத்துக்கிறா. சொல்லிட்டுப் போலாம்னுதான்..."

"அப்பாடா!" என்றார் டாஃப்னி. "நெசமாவா? வரவே மாட்டீங்களா?"

அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தைச் சிரில் பார்த்ததே இல்லை.

"ஆறு வருஷமாய்யா! என் கதவைத் தொறக்க விட்டீங்களா? இந்த மூட்டு வலியோட கியரைத் தாண்டி, இந்தப் பக்கமா எறங்கணும். ஒரு தடவை பாவாடை மாட்டி அரை மணி நேரம் கெடந்தேன். கக்கூசுக்குப் போறதுக்குக்கூட ரெண்டு தரம் யோசிக்கணும்."

"சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அறிமுகமே இல்லையே."

"வேற எடத்துல நிறுத்தியிருக்கலாமே?"

"நான் ஏன் நகரணும்? மொதல்ல வந்தவ நான்."

"தலையாட்டுவீங்களே..."

"வண்டியைத் தள்ளி நிறுத்துய்யான்னு காட்டுனேன்."

"சிரிச்சீங்களே?"

"பல்லைக் கடிச்சேன்."

சிரிலுக்கு அவமானத்தில் காது சுட்டது. திரும்பிப் போய்விடத்தான் காலை எடுத்து வைத்தார். பாலின் டாக்சியில் ஏறிய அன்றைக்கும் இதே கால்தான் வீட்டுக்குள் திரும்பியது. நின்றார். வந்தது வந்துவிட்டோம், இனி என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பேசினார்.

"நீங்க எனக்காகக் காத்திருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் கிட்டக்க, கிட்டக்கன்னு நிறுத்தினேன். வாரத்துல நான் சட்டையை இஸ்திரி போட்டுப் போடறது புதன்கிழமை ஒரு நாள்தான்."

டாஃப்னி சட்டையைப் பார்த்தார். காலரில் ஒரு பக்கம் மடிந்துபோய் இஸ்திரி ஆகியிருந்தது.

"கையில என்ன?"

"நண்டு. ரெண்டு."

"வினிகர் இருக்கா?"

"தூக்கலா இருக்கு."

"கார் சாவியைக் கொடுங்க."

முனகிக்கொண்டே கியரைத் தாண்டி இறங்கிய டாஃப்னி, சிரிலின் காரைப் பின்னுக்கு எடுத்து, இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நட்டநடுவே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு தன் காரின் வலப்பக்கக் கதவை முழுசாகத் திறந்தார். மூடினார். இன்னொரு தடவை திறந்தார். அக்கம்பக்கத்துக் கார்களில் இருந்தவர்கள் டீயை மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கமா ஏறுங்க. சீட்டுல சிந்தாம தின்னணும்" என்றார்.

இருவரும் நண்டைத் தின்று தீர்த்தார்கள். கடல் பழுப்பாக இருந்தது. மழை வரும்போல் இருந்தது.

"உங்க வண்டி இங்கேயே கெடக்கட்டும். நீங்க ஓட்டினா யாரையாவது கொன்னுடுவீங்க. பொண்ணு வந்து எடுத்துக்கட்டும்" என்றார் டாஃப்னி, விரலைத் துடைத்துக்கொண்டே. "வீடு எங்க?"

"ஃபேக்கன்ஹாம்."

"நான் வர்ற வழிதான். இன்னிக்கு எறக்கி விட்டுட்டுப் போறேன். அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு வாசல்ல நிக்கணும். ஹாரன் அடிச்சிக்கிட்டு இருக்கமாட்டேன்."

"ஒம்பதரைக்கே நிப்பேன்" என்றார் சிரில்.