வேன் இருக்கைக்குக் கை வைத்த கதை

ஆண்டிச்சாமிக்கு வலது தோள் போனது 1957-இல், மணலில் புதைந்த வேனை முட்டுக்கொடுத்துத் தள்ளியபோது. விலகிய மூட்டைச் சேர்த்துக் கட்டினார்கள், கூடியது. ஆனாலும் பத்து மைல் ஓட்டினால் கை மரத்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கித்தான் கதவைச் சாத்துவார்.

அது சண்டைக் காலத்து ஆம்புலன்ஸ். ஆவூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று அதை ஏலத்தில் எடுத்து, பின்னால் இரண்டு படுக்கைப் பலகை, ஸ்டவ், தண்ணீர் டிரம், மருந்து அலமாரி எல்லாம் வைத்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் கடற்கரை ஊர்களில் அதிலேயே பொங்கித் தின்று, அதிலேயே படுத்து, வைத்தியம் பார்ப்பார்கள். முன்பக்கம் டிரைவர் ஆண்டிச்சாமி, பக்கத்து இருக்கையில் நர்ஸ் ஞானமணி. ஐந்து வருடமாக அப்படித்தான்.

டாக்டரம்மா கண்டிப்பானவர். வருகிற திங்கட்கிழமை கோட்டைப்பட்டினத்துக்குத் தாமும் வருவதாகவும், ஆண்டிச்சாமியால் முடியவில்லை என்றால் வேறு டிரைவர் பார்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். நோயாளிகள் ஏறும் வண்டி; அவர் சொன்னதில் தப்பில்லை. ஆண்டிச்சாமிக்கோ வேறு தொழில் தெரியாது.

ஞானமணிக்குக் கையின் கனம் தெரியும். நினைவில்லாதவர்களைத் துடைத்துவிடும்போது தூக்கிப் பார்த்திருக்கிறாள். மூன்று படி அரிசி கனம் இருக்கும். அத்தனையையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மனுஷன் நாள் முழுக்கத் திரிகிறான், தொங்குவதே தெரியாமல். அதை நினைத்தால் அவளுக்கு எப்போதும் மலைப்புத்தான். அந்தக் கனத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். நாற்காலிக்குக் கை இருப்பதுபோல வேன் இருக்கைக்கும் வைத்தால் என்ன?

கோயிலுக்கு நாற்காலியும் ஊருக்குச் சவப்பெட்டியும் செய்யும் ஆசாரி மரிய அந்தோணியை அழைத்தாள். முன்னால் இருக்கும் இரண்டு இருக்கைக்கும் இரண்டிரண்டு கை. கியருக்கு இடைஞ்சல் இல்லாமல் உள்பக்கத்துக் கைகளை மட்டும் கீல் போட்டுத் தூக்கி மடக்கிக்கொள்ளலாம் என்றார் ஆசாரி. ஆண்டிச்சாமியை ஏறி உட்காரச் சொல்லி, இருக்கையிலிருந்து முழங்கை வரை அளவெடுத்தார். டாக்டரம்மா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிந்தது. பூவரசங்கட்டை, மேலே தேங்காய்நார் திணித்து ரெக்சின் உறை.

சனிக்கிழமை மருந்து எடுக்கத் திருச்சிக்குப் போனார்கள். கீரனூர் தாண்டுவதற்குள் ஆண்டிச்சாமியின் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. கேட்டால், நல்லாத்தான் இருக்குங்க சிஸ்டர் என்றார். கழுத்து நரம்பு விறைத்து நின்றது.

ஞானமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அளவெடுத்த அன்று டாக்டரம்மா பார்க்கிறார் என்று ஆண்டிச்சாமி சாயாமல், போட்டோவுக்கு உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அளவு அந்த மரியாதைக்கு எடுத்த அளவு. மனுஷனுக்கு எடுத்தது அல்ல.

திரும்பும்போது அவள் பின்னால் படுக்கைப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். பர்மா ரோட்டில் பட்டாள லாரி ஓட்டிய கதையைக் கேட்டாள். பாலம் இல்லாத ஆற்றைக் கடந்த இடத்துக்கு வந்தபோது ஆண்டிச்சாமி தம்மை மறந்து சாய்ந்திருந்தார். முழங்கை கட்டையை விட்டு நழுவித் தானாகத் தணிந்தது. அவள் பின்னாலிருந்தே பாண்டேஜ் துணியை இருக்கையோடு சேர்த்துப் பிடித்து, அந்த உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பழைய அளவைவிட நாலு விரற்கடை குறைவு.

"ஆளு வெறப்பா உக்காந்தா நான் என்ன செய்ய, நர்ஸம்மா? சவப்பெட்டிக்கு அளவெடுத்தா இந்தத் தொல்லையே இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஆசாரி அந்தக் கைகளைத் தாங்கும் கட்டைக்கால்களை அறுத்துக் குறைத்தார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா முன் இருக்கையில் ஏறினார். ஆண்டிச்சாமி மறுபடியும் கம்புபோல நிமிர்ந்தார். முழங்கைக்கும் கட்டைக்கும் நடுவே நாலு விரல் சந்து. புதுக்கோட்டை போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். டாக்டரம்மா இருக்கும்போது பின்னாலிருந்த ஞானமணியால் பர்மாக் கதையை எடுக்க முடியவில்லை.

அரிமளம் தாண்டியதும், தம் இருக்கையின் கட்டைமேல் இருந்த டாக்டரம்மாவின் கை அப்படியே தளர்ந்தது. தலை சரிந்தது. வாய் லேசாகத் திறந்தது. பதினோரு வருட வேலையில் அவர் சாய்ந்துகூட ஞானமணி பார்த்ததில்லை. ஒரு பூவரசங்கட்டைக்கு இந்தச் சக்தியா!

"அண்ணே, அம்மா தூங்கிட்டாங்க," என்றாள் மெதுவாக.

ஆண்டிச்சாமி ஓரக்கண்ணால் பார்த்தார். "நம்மளப் போலதான் தூங்குறாங்க, சிஸ்டர்," என்றார், நம்ப முடியாதவர்போல. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். முழங்கை ரெக்சினில் இறங்கி அமர்ந்தது. அறந்தாங்கி வந்தது, போனது. கழுத்து நரம்பு அடங்கியிருந்தது.

கோட்டைப்பட்டினத்தில் வண்டி நின்றதும் டாக்டரம்மா கண் விழித்தார். அதற்குள் ஆண்டிச்சாமி நிமிர்ந்தாகிவிட்டது. கையை மேலே தூக்கிக் காட்டச் சொன்னார் டாக்டரம்மா. வலது கை மடியிலிருந்து எழுந்தது. இடது கை துணைக்கு வரவில்லை. மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, நடுங்காமல் வண்டிக் கூரையைத் தொட்டு நின்றது. பூசையில் நிற்பதுபோல ஞானமணி பின்னால் எழுந்து நின்றாள்.

"சரி. நீங்களே ஓட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

1966 வரை அவரே ஓட்டினார்.