சாலைக்கு மேற்கே இருக்கும் வாக்காளர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பேரணாம்பட்டு வண்டி புறப்பட்டது. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். பக்கத்தில் ரேவதி. நான் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தராக இருக்கும் மருத்துவமனையில் அவள் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுடைய மாமியார் குப்பம்மாளே அந்த வார்டுக்கு நோயாளியாக வந்து சேர்ந்தார். தண்ணீர்க் குடத்தோடு சாலையைக் கடக்கும்போது லாரி இடித்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவன் நான்.

“தண்ணி எடுக்க எதுக்குமா மெயின் ரோட்டக் கடக்கணும்?” என்று கேட்டேன். ரேவதி சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை.

“அப்ப ஒரு வாட்டி நேர்ல வந்து பாருங்கண்ணா. மனுவும் நீங்கதான் எழுதணும்” என்றாள். அப்படித்தான் கிளம்பினேன்.

விரிஞ்சிபுரம் தாண்டி, பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே குடியாத்தம் போய், அங்கிருந்து பேரணாம்பட்டு. எட்டு மணிக்கு இறங்கியபோது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காற்றில் இருந்தது. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008இல் நடந்த தொகுதி மறுசீரமைப்பில் அது வரைபடத்திலிருந்தே போய்விட்டது. கிராமங்களைப் பிரித்துப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்தார்கள். செய்தித்தாளில் அன்று நானும் படித்திருப்பேன். படித்து, புரட்டிவிட்டு, அடுத்த பக்கம் போயிருப்பேன்.

நகரப் பேருந்தில் ஒன்பது கிலோமீட்டர். ரேவதிக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய். எட்டே முக்காலுக்கு மேட்டுக்கொல்லையில் இறங்கினோம். சாலை ஊரை நடுவில் வகிர்ந்துகொண்டு போகிறது. கிழக்கே நூறு வீடு இருக்கும், மேற்கே அறுபது. கிழக்கில் சாலையை ஒட்டி நீல வண்ணம் பூசிய மேல்நிலைத் தொட்டி. மேற்கு வீடுகளின் வாசலிலிருந்து அந்தத் தொட்டியின் நிழலைத் தொடலாம். தண்ணீரைத் தொட முடியாது.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு உண்டு. ரேவதி ஒரு டம்ளரில் பிடித்துத் தந்தாள். நாக்கில் வைத்ததும் துப்பினேன். உப்பும் கசப்பும். எத்தனையோ வருடத் தோல் கழிவு நிலத்துக்குள் இறங்கியதன் ருசி அது. அந்தத் தண்ணீரில் துணிகூட வெளுக்காது.

அப்படியென்றால் கிழக்குத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் போட்டால் என்ன? இதைத்தான் நான் நம்பாமல் இருந்தேன். டீக்கடை பாஷா பாய் விளக்கினார். அவர் கடை கிழக்கில், வீடு மேற்கில்.

“ரோட்டுக்கு இந்தாண்ட ஒரு தொகுதி, அந்தாண்ட ஒரு தொகுதி சார். ரெவின்யூ கணக்குல ரெண்டு கிராமமாம். எங்களுக்கே தொகுதி பிரிச்சப்பதான் தெரிஞ்சிது. இந்தத் தொட்டி கிழக்கு எம்எல்ஏ நிதில கட்னது. அந்த நிதிய அவர் தொகுதி தாண்டி செலவு பண்ணக் கூடாதாம். மேற்குக்காரரு இன்னா சொல்றாருன்னா, அது எங்க தொட்டி இல்ல, நாங்க எப்டி கை வைக்கிறதுன்றாரு.”

“முன்னாடி ஒரே தொகுதியா இருந்தப்ப?”

“அப்பயும் ஒண்ணும் கொட்டிடல சார். ஆனா திட்றதுக்கு ஒரே ஆளு இருந்தாரு. ஊரே சேந்து திட்னா ஜீப் வரும். இப்ப பாதி ஊரு ஒருத்தர, பாதி ஊரு இன்னொருத்தர. யாருக்கும் உறைக்க மாட்டேங்குது. பேஜாரு சார்.”

அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து மனுவை எழுதினேன். இரண்டு பிரதி. சாலைக்கு அடியில் முப்பது அடி குழாய், மேற்கில் நான்கு தெருக்குழாய். வேறு எதுவும் கேட்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு முதல் அலுவலகம், கிழக்கு எம்எல்ஏவுடையது. எந்த ஊர், எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. அந்த நாற்காலிகளில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்று எனக்கு அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. எம்எல்ஏ சென்னையில். உதவியாளர் மரியாதையாகப் பேசினார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். மனுவின் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார்.

“தொட்டி நாங்க கட்டிக் குடுத்துட்டோமேமா. தொறப்பு விழா போட்டோ பாருங்க.” கைபேசியைக் காட்டினார். போட்டோவில் தொட்டிக்குக் கீழே பூச்சரம், ரிப்பன், சிரிப்பு. ஓரத்தில் குடத்தோடு நின்ற பெண்களைக் காட்டி ரேவதி சொன்னாள்: “இவங்கள்லாம் மேற்குக்காரங்க சார். கூட்டம் கம்மியா இருக்குன்னு கூப்ட்டு நிக்க வெச்சீங்க.”

அவர் கைபேசியை அணைத்தார். “அந்தப் பக்கம் போய் கேளுங்கமா.”

அந்தப் பக்கம் இருபத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு பேருந்து. ஒரு தக்காளி சாதப் பொட்டலத்தை ஆளுக்குப் பாதி தின்றோம். வழியில் ரேவதி, “ஒரே ஊர்ல பொறந்து ஒரே ஊர்ல கட்டிக்கினேன்ணா. ரோட்டத் தாண்டுனதுதான் தப்பாப் போச்சு” என்றாள். அவள் பிறந்த வீடு கிழக்கு. புகுந்த வீடு மேற்கு.

ஒன்று ஐம்பதுக்கு இரண்டாவது அலுவலகம். இங்கே உதவியாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் நின்றோம். கை கழுவிவிட்டு வந்து, மனுவைத் தொடாமலேயே ரேவதியின் வாக்காளர் அட்டையைக் கேட்டார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இது கிழக்குப் பக்கத்து அட்டைமா. கல்யாணமாகி மாத்தவே இல்லியா? நீங்க எங்க வோட்டரே இல்ல. சார், நீங்க?”

“வேலூர்.”

“அப்ப நீங்களும் இல்ல.” ஒரு கணக்குப் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அவருக்கு. உடைந்த ஒரு காலைப் பற்றிப் பேச வந்தவர்களை, இந்தக் காலைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது என்கிறார். நான் குரலை உயர்த்தப் போனேன். ரேவதி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கைபேசியில் வீடியோ போட்டு வீட்டைக் கூப்பிட்டாள். திரையில் கட்டிலும், மாவுக்கட்டும், அதற்குள் வீடு திரும்பியிருந்த குப்பம்மாளும் தெரிந்தார்கள்.

“அத்த, அட்டைய காட்டு.”

குப்பம்மாள் வாக்காளர் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். “நான் மேற்கு வோட்டருதாம்பா. பேசு.”

உதவியாளர் திரையைப் பார்க்காமல், “எம்எல்ஏ வந்ததும் சொல்றேம்மா” என்றார்.

“நீ யாருன்னு எனக்குத் தெரியும். எலெக்சன் அப்போ நோட்டீசு எடுத்துக்கினு வந்து இந்தக் காலத் தொட்டுக் கும்புட்டியே. அது இப்ப ஒடஞ்சி கெடக்குது. வந்து பாத்துட்டுப் போ.”

அறையில் காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். உதவியாளரின் காது சிவந்தது. ரேவதி மெதுவாகக் கேட்டாள்: “முடியாதுன்னா முடியாதுன்னே எழுதிக் குடுங்க சார். அது போதும். அத வெச்சி மேல போய்க்கிறோம்.” அதையும் எழுத மாட்டேன் என்றார். கடைசியில் மனுவின் நகலில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தித் தந்தார். முத்திரையில் தேதி இல்லை. கேட்டோம். தேதி போடும் சக்கரம் உடைந்திருக்கிறதாம்.

வேலூர் திரும்பும்போது மணி ஆறே கால். என் வீட்டில் கை கழுவக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக, நான் எந்தத் தொகுதி, என் பிரதிநிதியின் அலுவலகம் எந்தத் தெருவில் என்று மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று உறைத்தபோது, அந்த இரண்டு உதவியாளர்கள் மேலிருந்த கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் திரும்பியது.

அடுத்த மாதம் முழுக்கப் பதில் இல்லை. அதற்கடுத்த வாரம் ரேவதி வார்டிலிருந்து இறங்கி வந்து என் மேசை முன்னால் நின்று சொன்னாள். பாஷா பாயும் இரு பக்கத்து ஆட்களும் சேர்ந்து, சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் சிறுபாலத்துக்குள் கிழக்குத் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை நுழைத்து மேற்கே இழுத்துவிட்டார்களாம். மூன்றாம் நாள் இரண்டு அலுவலகங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்களாம். தொகுதியைப் பிரித்த நாளிலிருந்து இரு தரப்பும் ஒன்றாக அந்த ஊரில் நின்றது அன்றைக்குத்தான். குழாயைப் பிடுங்குவதற்கு. அனுமதி இல்லாத வேலையாம். தங்கள் தொகுதியில் நடந்த வேலை என்பதில் மட்டும் அன்று இரு தரப்புக்கும் சந்தேகமே வரவில்லை.

“பிடுங்கிட்டாங்களா?” என்றேன்.

“எப்டிப் பிடுங்குவாங்க? அத்த வாக்கர வெச்சிக்கினு வந்து குழா மேல நாற்காலி போட்டு ஒக்காந்துடுச்சி. இந்தாண்ட பொம்பளைங்க, அந்தாண்ட பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. வந்தவங்க பேசிப் பாத்துட்டு வண்டி ஏறிட்டாங்க.”

“அத்தை?”

“இன்னும் டெய்லி காலையில அங்கதான் ஒக்காருது. கெழக்கு வூட்டுக்காரங்க டீ குடுக்குறாங்க. தண்ணி வருதுண்ணா.”