கொள்ளைக்கார ஈயும் கம்பு வேலியும்

கரடியனாற்றிலிருந்து சிவயோகம் அக்கா போன் எடுத்தார். "மிஸ், பெட்டிக்குள்ள தேனீ நாளுக்கு நாள் குறையுது. இப்பிடியே போனா ஒண்டும் மிஞ்சாது. கெதியா வாங்க."

தேனீ வளர்ப்புக்குப் பொறுப்பான வெளிக்கள உத்தியோகத்தராக நான் கொடுத்த பெட்டி அது. புதிதாகப் பிரித்த சின்னக் கூட்டம். பாகல் பந்தல் பூத்திருந்த நேரம். தேனீ போனால் காயும் இல்லை. அந்தக் காயை நம்பித்தான் அக்காவின் வீடு ஓடியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போய்ப் பெட்டியைத் திறந்தேன். ராணி இருந்தது, முட்டை இருந்தது, நோய் எதுவும் இல்லை. மாடு முட்டாமலிருக்கப் பெட்டியைச் சுற்றிக் காய்ந்த கம்புகளை ஊன்றியிருந்தார் அக்கா. அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கம்புகளின் அடியில் செத்த தேனீக்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது.

நிமிர்ந்தால் கம்பு நுனியில் ஓர் ஈ. முகத்தில் மீசை, காலெல்லாம் முள்மயிர். கொள்ளைக்கார ஈ. பெட்டியிலிருந்து ஒரு தேனீ கிளம்பியதும் பாய்ந்து, பறக்கும்போதே கால்களால் அள்ளியது. கழுத்தில் ஊசிவாயைக் குத்தி எச்சிலை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சியது. கோதைப் போட்டுவிட்டு அதே நுனியில் மறுபடி குந்தியது. ஆத்திரமாக வந்தது. ஆனாலும் என்ன குறி!

"மருந்து அடிப்பமா மிஸ்?"

"அடிச்சா முதல்ல சாகிறது உங்கட தேனீதான் அக்கா. இந்த ஈ பாகல் இலையைத் தின்னுற வண்டையும் பிடிக்கும். நம்மட கம்புதான் அதுக்கு இஞ்ச நிக்க இடம் குடுத்திருக்கு. புடுங்கிப் பந்தலுக்கு அங்கால ஊண்டுவம்."

மாட்டைக் கட்டிப்போட அக்கா ஒத்துக்கொண்டார். கம்புகளைப் பிடுங்கினோம்.

அதோடு விட்டேனா? தினமும் காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன் அங்கே ஓடினேன். ஸ்கூட்டியைப் பெட்டியருகே நிறுத்திவிட்டு, தேனீக்கள் போய்வருவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கோதுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. ஏனென்று விளங்காமல் மண்டை காய்ந்தது.

ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "மிஸ், அங்க பாருங்க."

ஸ்கூட்டியின் கண்ணாடி மேல் அந்த ஈ, வாயில் தேனீயோடு.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்க மிஸ். அதுகள் தேறட்டும்" என்றார் அக்கா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போகாமல் இருந்தேன். வேலைக்காலத்தில் நான் பட்ட பாடுகளில் அதுதான் பெரிது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் கிளம்பிவிடுங்கள்.

பிறகு ஒருநாள் அக்கா ஒரு பை பாகற்காயோடு அலுவலகத்துக்கே வந்து நின்றார்.

"பெட்டி நிறைஞ்சிட்டு மிஸ். இப்ப வரலாம். நடந்து வாங்க."