ரெண்டு விரல் சாய்வு

அந்த மேஸ்திரி செத்துப்போன சேதி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேதி சொன்னவன் வாசலில் நின்றான். நான் முழுசாகச் சாப்பிட்டுக் கை கழுவினேன். "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டேன். சொன்னான். நான் போகவில்லை.

அவனை நான் என்ன செய்தேன் என்று எழுதிவைக்கிறேன். அவன் என்ன செய்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். மூணாங்கிளாஸோடு நின்றவன் நான். முன்னே பின்னே இருக்கும்.

யுத்தத்துக்கு முன்னால் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். நான் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றினேன். என் பொஞ்சாதி மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், வேலை பார்த்தாள். மிஷின் மல்லாட்டையை உடைத்துத் தள்ளும். தோலும் பருப்பும் கலந்து விழும். பன்னிரண்டு பொம்பளைகள் அதைப் புடைத்தும் தூற்றியும் பிரிப்பார்கள். அவர்களுக்கு மேல் அந்த மேஸ்திரி.

சாயங்காலம் வெளியே போகும்போது அவன் எல்லார் மடியையும் பார்ப்பான். ஒருநாள் மத்தியானமே இவளை நிறுத்தினான்.

"மடியில இன்னாடி?"

"வயிறுங்க."

ஆறு மாசம் அவளுக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க அவள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள். அவனுக்கு அந்தச் சிரிப்பு ஆகவில்லை. மல்லாட்டை திருடினாள் என்றான். பருப்பு மூட்டை ஒன்றைத் தலையில் தூக்கி வைத்து, களத்து நடுவில் வெயிலில் நிற்க வைத்தான். பொழுது சாய்கிற வரைக்கும் நின்றாள்.

மூணாம் நாள் குழந்தை பிறந்தது. உயிர் இல்லை. ஆண்.

நான் மில் கேட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போனால் அடித்துத் துரத்துவார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தேன். அந்த வாரமே விழுப்புரம் வந்துவிட்டோம்.

விழுப்புரத்தில் வேறொரு மல்லாட்டை மில். அங்கே ஆயில் என்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலை எனக்கு. அந்த மில்லில் தூற்றுவதற்கு இரும்புக் காத்தாடி ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு நாலு றெக்கை. என்ஜின் பெல்ட்டில் சுற்றும். விழுகிற மல்லாட்டையில் காற்றை அடித்துத் தோலைத் தள்ளிவிடும். யுத்தம் வந்த பிறகு றெக்கை ஒன்று உடைந்தது. மெட்ராஸில் கேட்டால் இரும்பு எல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "மரத்துல செதுக்க முடியுமாடா?" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

முதலில் கெட்டுப்போனது. பலகையைத் தட்டையாக வைத்தேன். சுற்றியது, காற்று இல்லை. கொஞ்சம் சாய்த்தேன், காற்று வந்தது. இன்னும் சாய்த்தேன், இன்னும் வந்தது. சரி என்று மேலும் சாய்த்தேன். அப்போது காற்று நின்றுவிட்டது. என்ஜின் முனகுகிறது, காத்தாடி உதறுகிறது, காற்று மட்டும் இல்லை. எனக்கு விளங்கவில்லை.

மூங்கில் சிம்பில் சின்னதாக ரெண்டு றெக்கை சீவி, நடுவில் குச்சி செருகி, ரெண்டு உள்ளங்கையில் உருட்டி விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சாய்த்துச் சீவினது கூரைக்கு மேல் ஏறியது. ஏறி முடித்துச் சுற்றிக்கொண்டே மெதுவாக இறங்கியது. ஜாஸ்தி சாய்த்தது முழங்கால் உயரம்கூடப் போகாமல் பொத்தென்று விழுந்தது.

இன்னொன்றும் கண்டுகொண்டேன். களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துப் போர் மிதிக்க விடுவார்கள். நடுவில் இருக்கிற மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். ஓரத்து மாடு ஓட வேண்டும். றெக்கையும் அப்படித்தான். அடி மெதுவாகப் போகிறது, நுனி பறக்கிறது. ஓடுகிற நுனிக்குச் சாய்வு கம்மியாக இருந்தால் போதும். அடியில் ஜாஸ்தி வேண்டும். அதனால் பலகையை முறுக்கினாற்போலச் செதுக்கினேன். நாலும் ஒரே எடை இருக்கணும். ஒன்று கனத்தாலும் அச்சு ஆடும். றெக்கையைத் தரையில் வைத்தால் நுனியில் ஒரு விளிம்பு தரையைத் தொடும், மறு விளிம்பு ரெண்டு விரல் தூக்கி இருக்கும். அதுதான் கணக்கு. அச்சில் மாட்டின மரக்குடத்தில் றெக்கை செருகுகிற இடத்தில் ஆப்பு வைத்துச் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம்.

காத்தாடி நன்றாக ஓடியது.

என் பொஞ்சாதி வேலை பார்த்த அந்தத் திண்டிவனம் மில் முதலாளி எங்கள் முதலாளிக்கு மச்சான். வந்து பார்த்தார். எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். செதுக்கி எடுத்துக்கொண்டு நீயே போய் மாட்டிக் குடுத்துட்டு வா என்று எங்கள் முதலாளி சொன்னார். "அங்க பழைய மேஸ்திரிதான் இருக்காருங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

வீட்டில் சொன்னேன். அவள் காலையில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

குடமும் அச்சும் முன்னாடியே திண்டிவனம் போய்விட்டது. ரயிலில் நாலு றெக்கையையும் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்திருந்தேன். ஒரு றெக்கையின் அடியைக் கொஞ்சம் குடைந்து விட்டிருந்தால், சுற்றும்போது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அந்த யோசனை செதுக்கும்போதே வந்தது. அடியில் உளியை வைத்தும் விட்டேன். பிய்த்துக்கொண்டு போகிற றெக்கைக்கு மேஸ்திரி யார், தூற்றுகிற பொம்பளை யார் என்று தெரியாது. உளியை எடுத்துவிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். உள்ளங்கை தட்டையாக இருந்தால் ஒன்றும் இல்லை. முன்பக்கம் கொஞ்சம் தூக்கினால் கை தானாக மேலே போகிறது. இன்னும் தூக்கினால் மேலே போவது நின்று, கை நடுங்கிப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறது. அளவாகச் சாய்த்தால் காற்று கையின் முதுகோடு ஒட்டி வழிகிறது. அளவு மீறினால் ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ரொம்ப வருஷம் கழித்து எலெக்‌ஷன் சமயத்தில் திண்டிவனம் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. ஜனங்கள் இறங்கினவரைப் பார்த்தார்கள். நான் றெக்கையைப் பார்த்தேன். நிற்கும்போது தென்னமட்டை மாதிரி தொங்கியது. சுற்ற ஆரம்பித்ததும் விறைத்து நிமிர்ந்தது. பைலட் றெக்கையின் சாய்வைக் கூட்டித்தான் வண்டியை மேலே தூக்குகிறாராம். அளவுக்கு மேல் கூட்டினால் உதறும், தூக்காது, விழும். பைலட்டுக்குப் படிக்கிற பசங்களுக்கு முதல் பாடமே இதுதான் என்று அங்கே ஒருத்தர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரி ஞாபகம்.

அன்றைக்கு ரயிலில் மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. பொய் சொல்லவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும். என் மாதிரி ஆள் சொன்னால் அவன் கேட்க மாட்டான். கேட்காதது மட்டும் இல்லை, நேர்மாறாகச் செய்வான்.

மில்லுக்குள் போனேன். மேஸ்திரி கொஞ்சம் பருத்திருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நிற்க வைத்தவர்களின் புருஷனை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள அவனுக்கு நேரம் ஏது.

அன்றைக்குக் காலையில் பொம்பளைகளை எல்லாம் கூப்பிட்டு அவன் சொல்லிவிட்டிருந்தான். "காத்தாடி வந்துடுச்சு. இனிமே உங்க முறமும் வேணாம், மூஞ்சியும் வேணாம். போங்க." அவர்கள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு உடைக்கிற மல்லாட்டை முழுசும் சாயங்காலம் வேகனில் ஏற வேண்டும்.

"ஆப்பு ரெண்டு விரலுக்கு வெச்சாப் போதுங்க. ஜாஸ்தி வெச்சா காத்து வராது," என்று றெக்கைகளைக் குடத்தில் செருகிவிட்டுச் சொன்னேன்.

"எனக்கு நீ சொல்லித் தர்றியாடா?"

"இல்லீங்க. ரெண்டு விரல்தாங்க."

"சாய்வு ஜாஸ்தின்னா காத்து ஜாஸ்தி. முறம் புடிக்கிறவளுக்குக்கூடத் தெரியும். வெளியில போய் நில்லு. மிஷினுக்குப் பூசை போடணும்."

வெளியே போகும்போது அங்கே நின்ற திண்டிவனம் முதலாளி பக்கம் திரும்பி, சத்தமாக மூணாவது தடவையும் சொன்னேன். "ரெண்டு விரலுக்கு மேல வேணாங்க முதலாளி." அது மேஸ்திரிக்காக இல்லை. முதலாளி காதில் விழ வேண்டும், பிற்பாடு அவருக்கு ஞாபகம் வர வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல ஆப்பு பெரிசாகும் என்று எனக்குத் தெரியும். நாலு விரலுக்கு வைத்தான்.

பூசணிக்காய் உடைத்தார்கள். என்ஜின் போட்டார்கள். காத்தாடி மெதுவாகச் சுற்றும்போது லேசாகக் காற்று வந்தது. மேஸ்திரி சிரித்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். வேகம் பிடித்ததும் கிடுகிடுவென்று உதறியது. தோலும் பருப்பும் ஒரே இடத்தில் கொட்டியது. என்ஜினை நிறுத்தி ஆப்பை ஐந்து விரலுக்கு மாற்றினான். பெல்ட் வழுக்கித் தீய்ந்த வாடை வந்தது. அச்சில் புகை.

"நிறுத்துடா!" முதலாளி கத்தினார். "சாயங்காலம் வேகன் வருது. எவன் தூத்துவான்?"

மேஸ்திரி கேட்டுக்கு ஓடினான். "வாங்க, ஜல்தி வாங்க, முறத்தை எடுங்க."

கூட்டத்தில் பெரியவள் ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை. "எங்க மூஞ்சி வேணாம்னியே மேஸ்திரி. மூஞ்சியை எங்க வெச்சிட்டு வர்றது?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. "நீதானேடா துரத்துன. நீயே தூத்து," என்றார்.

மேஸ்திரி முக்காலி போட்டு ஏறினான். முறத்தில் அள்ளித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். தூற்றுவதற்குக் காற்று வேண்டும். பங்குனி மத்தியானம். வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. காற்று வரும் வரும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"மேஸ்திரி, காத்து வருதா? நான் வேணா ஊதட்டுமா?"

"அக்கா, மடியைப் பாரு, அவுரு மடியில இன்னாவோ கீது!"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு விரல்னு நீதானே சொன்ன? உன்னால சரி பண்ண ஆவுமா?"

"ஆவுங்க. அச்சு காஞ்சிருக்கு. ஆறணும்."

"எவ்ளோ நேரம்?"

நான் சூரியனைப் பார்த்தேன். "பொழுது சாயணுங்க."

அச்சு ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் ஆறிவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. "இன்னும் சூடா கீதுங்க," என்றேன். முதலாளி தொட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். நான் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டேன். அவன் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

வேகன் காலியாகப் போனது. ரயில் ஊதினது மில்லுக்கே கேட்டது.

வெயில் மஞ்சளானபோது முக்காலியில் இருந்து இறங்கினான். இறங்கினான் என்ன, சரிந்தான். உதடு வெடித்திருந்தது. என் பக்கத்தில் சொம்பு இருந்தது.

"தண்ணி," என்றான்.

"எங்க கைத் தண்ணி நீங்க குடிக்க மாட்டீங்களே."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "யாருடா நீ?"

"மடியில வயிறு இருந்துச்சே ஒருத்திக்கு. அவ புருஷன்."

அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தெரிந்தது. தெரிந்ததை நான் பார்த்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த் தண்ணீரை அச்சின்மேல் ஊற்றினேன். புகை வரவில்லை. அச்சு எப்பவோ ஆறிவிட்டது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

ஆப்பை மாற்றினேன். ரெண்டு விரலுக்கு வைக்கவில்லை. ஒன்றரைக்கு வைத்தேன். காற்று வந்தது, தோல் பறந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் பொடியும் காம்பும் பருப்போடு தங்கியது. அதைப் பொறுக்கிப் புடைக்க ஆள் வேண்டும். மறுநாள் பன்னிரண்டு பேரையும் முதலாளியே கூப்பிட்டார். மேஸ்திரியைக் கூப்பிடவில்லை.

காலை வண்டியில் விழுப்புரம் வந்தேன். அவள் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். துடுப்பை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல நின்னானா?"

"நின்னான்."

"எவ்ளோ நேரம்?"

"பொழுது சாயற வரைக்கும்."

"தலையில பாரம்?"

"தலைக்கு மேல."

களியை உருட்டித் தட்டில் வைத்தாள். என் முன்னால் தள்ளினாள்.

"அவன் வயித்துல ஒண்ணும் இல்லியே," என்றாள்.

நான் சாப்பிட்டேன்.