ஆத்து லயத்துக்குப் போன பிக்கப்

ஈப்போவுக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில், நான் முடித்துக் கொடுத்த முதல் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கிடந்து வளர்ந்தவன் கை சும்மா இருக்குமா? வண்டி வெளியே போகும்போது பழம் நசுங்கினால்தான் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரி. வண்டிக்காரர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். சாவியை வாங்கிக்கொண்டு ஏறப் போனவர் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டு நான்கு பழங்களையும் பொறுக்கி, சட்டையில் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். எனக்கு அப்போது மலாயில் ஒரு வார்த்தை தெரியாது. முதலாளிதான் சைகையில் விளக்கினார்: உன் பழம் உருண்டு போய்விட்டதாம், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அன்று மத்தியானம் முதலாளி அதையெல்லாம் பிழிந்து ஐஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். திருஷ்டிக்கு வைத்த பழத்தைக் குடித்துவிட்டோமே என்று எனக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைப் புரிய வைப்பது கஷ்டம். லகாட் போகும் சாலையில் ஒரு சீனர் வைத்திருக்கும் பட்டறை இது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டிகளைக் காட்டுப் பயணத்துக்குத் தயார் செய்வதுதான் தொழில். புது வண்டி கல்யாணப் பெண் மாதிரி மினுமினுவென்று வந்து நிற்கும். அதைத் தூக்கி உயரமாக்கி, கரடுமுரடான டயர் மாட்டி, ஆற்றில் இறங்கினாலும் இஞ்சின் மூச்சு விட வசதியாக முன்கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் ஏற்றி, கூரையில் இரும்புத் தட்டு பொருத்தி, பம்பரில் வின்ச் வைத்து அனுப்புவோம். வின்ச் என்றால் இழுவை இயந்திரம். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் அதன் கயிற்றை எதிரில் இருக்கும் மரத்தில் கட்டிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறிவிடும். சனி ஞாயிறில் கூட்டமாகக் காட்டுக்குள் போய் வேண்டுமென்றே சேற்றில் இறங்கி, திங்கட்கிழமை கழுவக் கொண்டுவருவார்கள். சேற்றில் இறங்கிவிடக் கூடாதே என்று சாமிக்கு வேண்டிக்கொள்ளும் லாரிக்காரர்களோடு வளர்ந்தவன் நான். இவர்களுக்குக் கிறுக்கு என்றே முதலில் நினைத்தேன். இப்போது பழகிவிட்டது. ஆசை வந்துவிட்டால் மனிதன் எதற்கும் துணிவான், நானே கடல் தாண்டி வந்தவன்தானே.

சிவலிங்கம் அண்ணன் வந்தது ஒரு மழைக்காலத்தில். செமோரில் வீடு, ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறார், வயது ஐம்பதுக்கு மேல். கைமாறி வந்த பழைய பிக்கப் ஒன்றை எங்கள் வாசலில் நிறுத்தினார். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கடைசியில் ஒரு 'லா' போடாமல் பேச்சு முடியாது.

"ஊர்லேர்ந்து வந்தவங்களா? நல்லதா போச்சு லா. உங்களுக்கு ரொம்ப வெளக்க வேணாம்."

"எங்கண்ணே சுத்தப் போறீங்க?"

"கோலா கங்சார் பக்கம். நான் பொறந்த தோட்டத்துக்கு."

"எத்தனை பேர் ஏறுவீங்க?"

"ஒருத்திதான். பின்னால ஏறுவா. ரெண்டு அடி ஒசரம்."

"எடை எவ்வளவுண்ணே இருக்கும்?"

"அவ எடைய யாரு தம்பி போட்டுப் பாத்தா? மாரியம்மா லா."

இங்கே தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து மரம் சீவியவர்கள் அண்ணனின் சனங்கள். பிறகு ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள். சனங்கள் செமோர், லகாட், ஈப்போ என்று அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போனார்கள். கோயில் மட்டும் நின்றுகொண்டது. வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். அன்றைக்கு அம்மன், முன்பு காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக் களம், ரப்பர் பால் சேர்த்த பால் ஸ்டோர், மேட்டு லயம், ஆத்து லயம் என்று பழைய வழியிலேயே சுற்றி வருவாள். அந்த இடங்களில் இப்போது ஒரு செங்கல் கிடையாது. ஆனாலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, வாசலில் நிற்பது போலவே தேங்காய்த் தட்டோடு நிற்பார்களாம். இதைக் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

முன்பெல்லாம் தோட்டத்து டிராக்டர் அம்மனைச் சுமந்தது. தோட்டமே போன பிறகு வாடகை வேன்.

"போன வருசம் மேட்டு லயத்துலயே வேன் சிக்கிக்கிச்சு," என்றார் அண்ணன். "ஆத்து லயத்து சனம் பூரா தட்டோட நிக்குது. அம்மா பாதியிலயே திரும்பிட்டா. இப்ப கோயில் கமிட்டில என்னா சொல்றாங்க தெரியுமா? எதுக்கு இந்தப் பாடு, அம்மாவ செமோருக்குக் கொண்டாந்து வச்சிரலாங்கிறாங்க. இந்த வருசமும் சுத்தி முடிக்கலேனா அவ்ளோதான், முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் நாங்க அந்தப் பக்கம் போறதுக்கு என்னா இருக்கு?"

"நீங்க எந்த லயம்ண்ணே?"

"ஆத்து லயம்," என்று சொல்லிவிட்டு டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

வேலையில் இறங்கினோம். இந்த நாட்டில் வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது, சோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அம்மன் உட்காரும் மேடையை போல்ட் போட்டு மாட்டி, மறுநாளே கழற்றி வைக்கிற மாதிரி செய்தேன். எல்லா வண்டியையும் போல இதையும் நன்றாக உயர்த்திவிடலாம் என்று நான் சொன்னதற்கு, கிழவிகளின் தட்டு பூசாரி கைக்கு எட்டாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். அதனால் கொஞ்சம்தான் ஏற்றினோம், டயரைப் பெரிதாக்கினோம். வின்ச்சுக்கு இரும்பு வடம் போதும் என்றார் முதலாளி. நான் பிடிவாதமாக நின்று செயற்கை நார்க் கயிறு போட வைத்தேன். சனம் கூடுகிற இடத்தில் இரும்பு வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், ஆளைக் கொன்றுவிடும். வின்ச் ஓடும்போது கயிற்றுப் பக்கம் ஒரு ஆளும் நிற்கக் கூடாது என்பதை அண்ணனைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

"அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்ல ஓட்டணும்?" என்று கேட்டேன். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

"கண்ணாடி எதுக்கு இருக்கு? அதுல அவ மூஞ்சி தெரியற மாதிரி திருப்பி வச்சிருங்க, போதும்."

மேடைக்கு வெல்டிங் செய்யும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தேர்தான் கண்ணுக்குள் வந்தது. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பங்குனியில் தேர் ஓடும். அதன் இரும்பு அச்சைச் செப்பனிட்டது எங்கள் பட்டறை, பற்றவைத்தது என் கை. ஆனால் தேர் எங்கள் தெருவுக்கு வராது. முனை வரை வந்து திரும்பிவிடும். நாங்கள் முனையில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம், வடத்தைத் தொடக் கூடாது. சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, பேச்சுவார்த்தையும் நடத்திப் பார்த்தாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவன் 'எந்தத் தெரு?' என்று கேட்டால் அவன் விலாசம் கேட்கவில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கிளம்பி வந்த வருஷம் என் மகள் கயல், "ஏம்ப்பா தேரு நம்ம தெருவுக்கு வரல?" என்று கேட்டாள். ரோடு சரியில்லை கண்ணு, சக்கரம் இறங்கிவிடும் என்று சொல்லி வைத்தேன். வேறு என்னத்தைச் சொல்ல? இந்த நாட்டிலும் அந்த வியாதி அடியோடு போய்விடவில்லை, கல்யாணப் பேச்சு வந்தால் தலைகாட்டும் என்கிறார்கள். அதனால் யார் எதைக் கேட்டாலும், எதற்காகக் கேட்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

திருவிழா அன்று முதலாளியே என்னை அனுப்பி வைத்தார். இயந்திரம் ஏதாவது மக்கர் செய்தால் ஆள் வேண்டுமே. அண்ணன் தானே எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். நான்கும் படக் படக்கென்று நசுங்கியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. முந்தின நாள் நல்ல மழை. பிரட்டுக் களமும் பால் ஸ்டோரும் சுலபமாக முடிந்தன. போன வருஷம் வேன் சிக்கிய மேட்டு லயத்தில் பிக்கப் ஒரு குலுங்கு குலுங்கி ஏறியபோது பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் கண்ணாடியில் அம்மனைப் பார்த்தபடியே ஓட்டினார்.

ஆத்து லயத்துச் சரிவில்தான் வந்தது வினை. ஓடை பெருகிப் பாதை முழுக்கக் களி மண்ணாகிவிட்டது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. எதிர்ப்பக்கத்தில், கூப்பிடு தூரத்தில், தட்டு ஏந்திய கைகள் தெரிந்தன. நான் வின்ச் கயிற்றை உருவிக்கொண்டு இறங்கினேன். சுற்றிலும் புதிதாக நட்ட செம்பனங்கன்றுகள், முழங்கால் உயரம். தாங்கக்கூடியது ஒரே ஒரு மரம், சிவப்புத் துணி கட்டிய பெரிய மரம். கொக்கியோடு அதை நோக்கி நடந்தேன். பார்வதி அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து குறுக்கே நின்றார். ஆத்து லயத்துக்காரர்.

"அதுல கட்டாதீங்க தம்பி. முனியாண்டி நிக்கிறாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மனே சேத்துல நிக்கிறாங்களேக்கா."

"நிக்கட்டும். காவக்காரன் கழுத்துல கயித்தப் போட்டு ஆத்தாவ இழுக்கச் சொல்றீங்களா?"

கொக்கியைத் தாழ்த்தினேன். ஊரில் எங்கள் குலசாமி மரத்தில் ஒருவன் லாரியைக் கட்டினால் நான் மட்டும் சும்மா இருப்பேனா? கமிட்டிக்காரர் ஒருவர் வண்டிக் கதவருகே போய், "பின்னால தள்ளித் திருப்பிரலாம் லா, சிவா. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு," என்றார். அண்ணன் ஸ்டீயரிங்கை விடவில்லை. கண்ணாடியில் அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவருடைய தோட்டம் அந்த நிமிஷத்தோடு போகப் போகிறது என்று எனக்கும் புரிந்தது.

பார்வதி அக்கா என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இது எவ்ளோ தூரம் வரும்?"

"அந்தக் கரை வரைக்கும் வரும்க்கா."

"அப்பறம் மரம் எதுக்கு? நாங்க இத்தன பேரு நிக்கிறோம். டிராக்டர் வாறதுக்கு முன்ன எங்கப்பா காலத்துல கையாலதான் இழுத்தாங்க."

இது எனக்குத் தோன்றவில்லை. கயிற்றை அக்கரை வரை நேராக நீட்டி, அது சுற்றும் உருளையைப் பூட்டி, வின்ச்சுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தேன். எதிர்க்கரைக்காரர்கள் தட்டுகளைப் பனங்கன்றுகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். யாரும் கிட்டே வரக் கூடாது என்று நான் ஓதி ஓதிச் சொல்லிக் கொடுத்த கயிற்றை இப்போது ஊரே பிடித்துக்கொண்டு நின்றது. நான் நான்கடி தள்ளிப் போய்க் கும்பிட்டபடி நின்றேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போய் நின்றுகொண்டது.

கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க எந்த லயம்?"

நான் இன்னும் ஓர் அடி பின்னால் போனேன். ஊரில் கேட்கிற அதே கேள்வி, அதே மாதிரி தலைசாய்த்துக் கேட்டார்.

"அவரு நாமக்கல்லு லயம்," என்றார் பார்வதி அக்கா. "பேசிகிட்டே நிக்காதீங்க. பிடிங்க தம்பி, உங்க கயிறுதானே."

பிடித்தேன். சேறும் வியர்வையுமாக இருந்த அந்தக் கயிற்றை என் வாழ்நாளில் எதையும் பிடிக்காத மாதிரி பிடித்தேன். அண்ணன் மெதுவாக முடுக்கினார், நாங்கள் இழுத்தோம். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் அம்மனின் தலை மாலை ஆடியது. அடுத்த இழுப்பில் பிக்கப் சளக்கென்று சேற்றை உதறிவிட்டு மேலே வந்தது. நான் அழுதேன். மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அப்போது மழையும் இல்லை.

கரையேறியதும் அவரவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். வெறும் மண்ணில் எங்கே நிற்பது என்று விழித்த என்னைப் பார்வதி அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "இங்க வாங்க, இதான் எங்க வாசப்படி. அங்க நிக்காதீங்க, அது அடுப்படி." பூசாரி வந்து பெயர் நட்சத்திரம் கேட்டார். என் மனைவி பெயரும் கயல் பெயரும் அந்த ஆத்து லயத்தில் ஒலித்தன. அண்ணன் இறங்கி வந்து, தான் பிறந்த இடத்தில் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்று முடிந்து கோயிலுக்குத் திரும்பியபோது கமிட்டிக்காரர் செமோர் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வருஷம் கயிறு இன்னும் நீளமாக வேண்டும் என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கயல் போனில் வந்தாள். யாரோ எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன்.

"அப்பா, தேரா இது? நீ வடம் புடிக்கிறயா?"

"ஆமா சாமி."

"அங்க தேரு உங்க தெருவுக்கெல்லாம் வருமா? அங்க ரோடு நல்லா இருக்குமாப்பா?"

படத்தை நானும் பார்த்தேன். களிமண், ஓடை, முழங்கால் உயரப் பனங்கன்று. இந்த முறை பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ரோடே கிடையாது கண்ணு. சேறுதான்."

படத்தை மறுபடி பார்த்திருப்பாள் போல. பிறகு, "நம்ம ரோடு இதவிட நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு உரசிய கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.